தாடியில்லாத மெட்டுக்காரர்

சனிக்கிழமை மத்தியானம் ஹில்ஸ்பரோ தேவாலயத்துக்குள் நுழைந்ததும் நவரத்தினம் முதலில் சப்பாத்தைக் கழற்றுவார். பாண் வந்த பிளாஸ்டிக் பையிலிருந்து இன்னொரு சோடியை எடுத்து மாட்டுவார். மெல்லிய தோல் அடி வைத்தது. ஆர்கனின் கால்கட்டைகளை மிதிக்க மட்டும்தான் அது. இதுவரை மண்ணில் பட்டதில்லை. யாராவது சிரித்தால், "தெருவில போட்ட செருப்போட குசினிக்குள்ள போவியளே?" என்பார்.

மற்ற நாட்களில் மனுரேவாவில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இரண்டு வேலையும் எப்படி ஒத்துப்போகிறது என்று கேட்டேன். "அங்க பெட்டியைத் தூக்கிறன், இங்க சனத்தைத் தூக்கிறன் அன்ரி. சனம்தான் பாரம்" என்றார்.

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துத் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்து, பாமாலைப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட ஆட்களெல்லாம் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி. பழைய படங்களில் பார்த்துப் பழகியதால் பேரைச் சொல்லமாட்டார், தாடியைச் சொல்லுவார். "இது நெஞ்சு வரைக்கும் தாடி விட்டவற்ற மெட்டு. கடைசி வரியில அழவைக்காமல் விடமாட்டார்." "இது பெரிய கிருதா வைச்சவர். பட்டாளம் மாதிரி நடக்கவைப்பார்." இப்படிச் சொல்லுகிற இவர் தினமும் காலையில் மழமழவென்று சிரைத்துக்கொண்டு வருகிறவர்.

பாமாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டுக்கு ஒரே மெட்டு என்று கட்டாயம் இல்லை. அடிகளின் அளவு ஒத்துப்போனால் எந்தப் பாட்டையும் எந்த மெட்டிலும் பாடலாம். மெட்டுக்கென்று தனிப் பேரும் உண்டு. பெரும்பாலும் ஊர்ப் பேர். போன கிறிஸ்மஸுக்கு முன்னால் நவரத்தினம் தானே ஒரு மெட்டுப் போட்டு, 'ஹில்ஸ்பரோ' என்று பேரும் வைத்து, பாடகர் குழுவுக்கு வாசித்துக் காட்டினார்.

குழுவில் நான் பின்வரிசை, முன்வரிசையில் வசந்தமலர். அவ சொன்னால் சொன்னதுதான். இரண்டாம் வரியிலேயே கையைத் தூக்கிவிட்டா. "அண்ணை, சினிமாப் பாட்டு மாதிரிக் கிடக்கு. எங்களுக்குப் பழசே போதும்."

மனுசன் குனிந்து, சப்பாத்தைப் பாண் பைக்குள் வைத்தார்.

ஜூலையில், இங்கே அதுதான் குளிர்காலம், எல்லாரும் ஹீட்டரைச் சுற்றி நிற்கிற ஒரு சனிக்கிழமை, "பழைய மெட்டு ஒண்டு கிடைச்சிருக்கு. விக்டோரியா காலத்து ஆள், ஒரு சின்னச் சேர்ச்சில வாசிச்சவராம்" என்று சொல்லி வாசித்தார். அதே மெட்டு. ஒரு சுரத்தைக்கூட மாற்றவில்லை. கொஞ்சம் மெதுவாக வாசித்தார், அவ்வளவுதான். நான் சுர எழுத்துப் பார்த்துப் பாடுகிறவள் இல்லை, காதால் பிடிக்கிறவள். என்னைக் காரில் ஏற்றிவரும்போதெல்லாம் அவர் முணுமுணுத்தது இதைத்தான். பச்சை விளக்கு விழுந்ததும் தெரியாமல் முணுமுணுத்து, பின்னால் வந்தவனிடம் ஹாரன் வாங்கின மெட்டு எனக்குத் தெரியாதா?

வசந்தமலர் கண்ணை மூடிக்கொண்டு பாடினா. மூன்றாம் சரணத்தில் கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தா. "பாத்தியளே, பழசு பழசுதான். இப்ப ஆரால இப்பிடிப் போடேலும்?"

இப்போது அவவுடைய மகள் வித்தியாவுக்குக் கல்யாணம். அந்த மெட்டுத்தான் வேண்டுமாம். கல்யாணத்தில் சனத்துக்குக் கொடுக்கிற தாளில் பாட்டுக்குக் கீழே மெட்டுப் போட்டவர் பேரை அச்சடிப்பது வழக்கம். போன சனிக்கிழமை வசந்தமலர் ஆர்கனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டா.

"அண்ணை, அந்த வெள்ளைக்காரற்ற பேர் என்ன?"

நவரத்தினம் கால்கட்டையைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதுக்குள் போய், "சொல்லன் தம்பி, என்ரதெண்டு" என்றேன்.

"சும்மா இருங்கோ அன்ரி. பேரைச் சொன்னால் மெட்டுப் போயிடும்."

"போனால் போகட்டும். களவெடுத்ததே?"

"கல்யாணத்தில முந்நூறு பேர் பாடுவினம் அன்ரி" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளை கெஞ்சுகிற மாதிரி. நான் வாயை மூடுவது லேசில் நடக்கிற காரியமில்லை, அன்றைக்கு மூடினேன். இந்தப் பத்தியில் எழுதினால் பாதகமில்லை. வசந்தமலர் பத்திரிகையில் சமையல் பக்கத்தைத் தாண்டிப் போகிறவ இல்லை.

"பேர் தெரியேல்லை, தங்கச்சி" என்றார் நவரத்தினம், சத்தமாக.

"தெரியாட்டிப் பரவாயில்லை. பேர் அறியாதவர் எண்டு போடுவம். ஆனா இப்பிடி அழவைக்கிறதெண்டால், நீங்கள் சொல்லுற மாதிரி, நெஞ்சு வரைக்கும் தாடி விட்ட ஆளாத்தான் இருக்கும். இன்னொருக்கா வாசியுங்கோ."

அவர் ஆர்கன் பக்கம் திரும்பினார். கால்கள் தயாராக நின்றன, இடது கையும் கட்டைகளில் இருந்தது. வலது கை மட்டும் மெதுவாக மேலே போய், காலையில் சிரைத்த மோவாயிலிருந்து நெஞ்சு வரைக்கும், இல்லாத தாடியை ஒருமுறை நீவிவிட்டு இறங்கியது.