புருவம் இல்லாத மொட்டை

அக்கா அந்த மாநாட்டுக்கு வருகிறேன் என்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தி. நகர் ஓட்டல் ஒன்றில் புற்றுநோய் உயிரியல் மாநாடு. வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஆய்வுக்கூடத்துத் தட்டுகளில் செல் வளர்க்கிறவர்கள். "உனக்கு ஒண்ணும் புரியாது. நாள் பூரா ஏசில உக்காந்துண்டு நடுங்கணும்" என்றேன்.

"காலமெல்லாம் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவடி நான். புரியற மட்டும் புரியட்டும்" என்றாள்.

வர நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குச் சினைப்பையில் வந்த நோய் ஒருமுறை மருந்துக்கு அடங்கி மறுபடி தலைதூக்கியிருந்தது. இப்போது போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கு அது மசியவில்லை. அவள் தலைமுடிதான் மொத்தமாகக் கொட்டியது. அடுத்து வேறொரு மருந்து இருக்கிறது, எடுக்கலாம், விட்டும்விடலாம், யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று அவளுடைய டாக்டர் பாரத்தை அவள் தலையிலேயே வைத்துவிட்டார். அந்த மருந்தைப் பற்றி மாநாட்டில் ஒருவர் பேசப்போகிறார் என்று நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லித் தொலைத்திருந்தேன். நானும் டாக்டர்தான், காய்ச்சலுக்கு மாத்திரை எழுதத் தெரியாத டாக்டர். அவளுக்கு என்னால் ஆனது அந்தத் தகவல் ஒன்றுதான்.

மயிலாப்பூரில் குளத்துப் பக்கம் ஆட்டோ பிடித்தோம். ஓட்டுகிறவர் கண்ணாடியில் அக்காவைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, திருப்பதியா? ஒரு லட்டு கூட நமக்குக் கெடயாதா?" என்றார்.

"எல்லாம் தீந்துபோச்சுப்பா" என்றாள் அக்கா. லஸ் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டோக்காரர் கேட்டதில் தப்பில்லை. இந்த ஊரில் மொட்டை என்றால் திருப்பதிதான். ஆனால் மாநாட்டுத் தேநீர் இடைவேளையில், அடையாற்றில் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் வேலை பார்க்கும் ஓர் ஆய்வாளர் வந்தார். சினைப்பைப் புற்றுநோயை எலிகளில் வளர்த்துப் பல வருடங்களாக ஆராய்கிறவர். அக்காவைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு, பிஸ்கட்டைக் கடித்தபடி, "திருப்பதி போயிட்டு வந்தீங்களாம்மா? தரிசனம் நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அட மனுஷா, நீ ஆராய்கிற நோய்தான் உன் முன்னால் தேநீர் குடித்துக்கொண்டு நிற்கிறது. புருவத்தையுமா பெருமாளுக்குக் கொடுப்பார்கள்? இமையில் ஒரு முடி இருக்கிறதா பார். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஆமாம்ப்பா, போன வாரம்தான். நல்ல கூட்டம்" என்றாள் அவரிடம்.

பிறகு அந்த உரை. இருட்டிய அரங்கில், திரையில் இரண்டு கோடுகள் படிப்படியாக இறங்கின. ஒன்று மருந்து எடுத்தவர்களுடையது, மற்றது எடுக்காதவர்களுடையது.

"ஒரு படின்னா ஒருத்தர் போயிட்டார்னு அர்த்தமா?" என்று காதோடு கேட்டாள் அக்கா.

"ஆமா."

கோடுகள் கொஞ்ச தூரம் ஒட்டியே வந்து, நடுவில் சற்று விலகி, கடைசியில் மறுபடி சேர்ந்துகொண்டன. நடுவில் இருந்த அந்த விலகல்தான் மருந்து கூட்டித் தந்த நாட்கள். அதைக் காட்டிப் பேச்சாளர் உற்சாகமானார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர்கள் கை தட்டியது நியாயம்தான். அந்த விலகலுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். அக்கா மட்டும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தூரத்துத் திரையை அளந்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இந்த இடைவெளியும் ஆஸ்பத்திரிலயேதான் போகுமா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கணக்கு டீச்சரிடம் செல்லாது. "பெரும்பாலும்" என்றேன்.

மதியம் தயிர்சாதத்தை ரசித்துச் சாப்பிட்டாள். ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன். முடி வளரட்டும். வளந்ததும் திருப்பதிக்குப் போய்க் குடுத்துட்டு வந்துடலாம். பெருமாள் பேரச் சொல்லி அந்த பிஸ்கட் பிள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேன், பாவம்."

தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பெரிய பெரிய பேராசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

முடி வளர்ந்தது. எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் இல்லாத சுருட்டை. மருந்து விட்டபின் சிலருக்கு அப்படி வரும். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கையில் சாய்ந்துகொண்டு கைக்கண்ணாடியும் சீப்புமாகவே இருந்தாள். "இதக் குடுக்க மனசே வரலடி. பெருமாளுக்கென்ன, ஊர்ப்பட்ட முடி வந்துண்டேதான் இருக்கு" என்றாள். அந்தச் சுருட்டையோடுதான் போனாள்.

எனக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. ஆனால் ஒருவர் பிரார்த்தனையை வீட்டில் இன்னொருவர் செலுத்தலாம் என்பது வழக்கம். போய் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன்.

திரும்பி வேலைக்குப் போன அன்று, அந்த மேல்மாடிக்காரர் படிக்கட்டில் எதிரே வந்தார். என் தலையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"திருப்பதியா மேடம்?"

"ஆமா" என்றேன். "நல்ல கூட்டம்."