எறிந்தாலும் உடையாத போன்

என் மாமனார் போனை எறிவார். இதை இப்படி நேராகச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை. "அப்பா போன் கீழ விழுந்துருச்சு" என்பார் என் கணவர். "கை தவறிருச்சு" என்பாள் நாத்தனார். எதிர்ச் சுவரில் போய் மோதிச் சிதறுகிற பொருள் எப்படிக் கீழே விழுந்ததாகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் கல்யாணமாகி அரிமளத்துக்கு வந்த புதிதில் நிஜமாகவே அவருக்குக் கை நடுக்கம் ஏதோ இருக்கிறது என்று நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நடுவழியில் பஸ்ஸை மறித்து ஏறி, கண்டக்டர்களை நடுங்க வைப்பதே வாழ்நாள் வேலை. ஓய்வுக்குப் பிறகு நடுங்குவதற்கு ஆள் இல்லை. வீட்டில் அவர் மனைவியான அத்தையும் அந்தப் போனும்தான் மிச்சம். தோப்புப் பங்கு விஷயமாகத் தன் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது முதல் போன் போனது. கேஸ் சிலிண்டர் புக் பண்ணும் நம்பரில் பதிவு செய்த குரல் திரும்பத் திரும்ப அதையே சொன்னதற்காக அடுத்தது போனது. அதற்கடுத்தது ஏன் போனது என்று அவருக்கே தெரியாது. ரிப்பேர் கடைக்காரர் உடைந்த கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுவத்துலயாங்க விழுந்துச்சு?" என்று கேட்டார். என் கணவர் சிரித்து மழுப்பினார்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டு மாப்பிள்ளை, நாத்தனார் வீட்டுக்காரர், விஷயத்தில் நுழைந்தார். வளைகுடாவில் சாரம் கட்டும் வேலைக்கு சூப்பர்வைசராக இருந்து திரும்பியவர். திரும்பி வந்த பிறகு கருத்துச் சொல்வதைத் தவிர வேறு வேலை எதுவும் அவர் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டுக்குக்கூட இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூவோடுதான் வருவார்.

"மச்சான், சாதாரண போனு மாமாவுக்குச் செட் ஆகாது. ரக்கட் போன் வாங்குங்க. நாங்க சைட்ல வச்சிருந்தது அதான். ஆறாவது மாடியிலேருந்து விழுந்துச்சு, எடுத்துத் தொடச்சுட்டுப் பேசுனேன்."

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் மகன் பிறந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு ஆண்களும் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு வீடியோ பார்த்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் போனை மாடியிலிருந்து போடுகிறான், கொதிக்கிற தண்ணீரில் முக்குகிறான், லாரியை ஏற்றுகிறான், அதாலேயே ஆணி அடிக்கிறான். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில் வந்து நின்றார்கள். பழைய மாடல் செங்கல் மாதிரி தடிமன், நான்கு மூலையிலும் ரப்பர், வெளியே தெரிகிற திருகாணிகள். இந்த வருடத்துப் புது மாடல் ஒல்லி, உலோகச் சட்டம், பெரிய திரை, இருட்டில் படம் பிடிக்கிற கேமரா. புதுசு வேண்டும் என்றார் மாப்பிள்ளை. பழசே போதும், தடிமனாக இருந்தால்தான் தாங்கும் என்றார் என் கணவர். எங்கள் மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதற்கு இவர் பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னேன். "போனை மாத்துறதுக்கு முன்னாடி மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாம்ல?"

"என்னன்னு?"

"எறியாதீங்கன்னு."

"அவரு கொணம் தெரியும்ல ஒனக்கு. கோவம் வந்தா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

எனக்குத் தெரிந்தவரை அவருக்குக் கண்ணும் மண்ணும் நன்றாகவே தெரியும். பஸ் கம்பெனி முதலாளி இவரை ஆபீசில் எல்லார் முன்னாலும் வைது அனுப்பிய கதையை அத்தை சொல்லியிருக்கிறார். அந்த முதலாளி முன்னால் இவர் கை ஒருநாளும் தவறியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். தினமும் அங்கே ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவள் என்பதால் கடை தெரியும் என்று என்னையும் கூட்டிப் போனார்கள். கீழராஜ வீதியில் ஒரு கடை. கடைக்காரர் இரண்டு மாடலையும் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்தார். மாப்பிள்ளை இரண்டையும் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிறவர் தோற்றார்.

"எதுக்குங்க யூஸ் பண்ணப் போறீங்க? குவாரியா, போர்வெல் வண்டியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வீட்டுக்குத்தாங்க. அப்பாவுக்கு."

"அப்பா என்ன பண்றாங்க?"

"சும்மாதாங்க இருக்காரு."

கடைக்காரருக்குக் குழப்பம். "சும்மா இருக்கவங்களுக்கு எதுக்குங்க இது? இதெல்லாம் வெயிட்டு ஜாஸ்தி."

"எறியிறதுக்கு" என்றேன் நான்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கண்ணாடி மேஜை விரிசல் விட்டிருக்க வேண்டும். கடைக்காரர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எறியிறதுன்னா பழசுதாம்மா" என்று செங்கல்லை என் பக்கம் தள்ளினார்.

பழசையே வாங்கி வந்தார்கள். மாப்பிள்ளை வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். மாமனாருக்கு மகா சந்தோஷம். "நல்ல கனமா இருக்குடா" என்றார். "இனிமே கவல இல்லம்மா" என்று என் கணவர் அத்தையிடம் சொன்னார். "எதுக்குக் கவல இல்ல?" என்று அத்தை கேட்டார்.

முன்பெல்லாம் ஒரு போன் உடைந்தால் அவர் ஒரு வாரம் அடங்கி இருப்பார். தரையில் கிடக்கிற துண்டுகளைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும்போல. பின்னால் தோப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த ஒரு வாரம்தான் அத்தைக்கு விடுமுறை. புதுப் போன் அதையும் பிடுங்கிக்கொண்டது. எறிந்தார், உடையவில்லை. திரும்ப எறிந்தார். எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்கு அதிலேயே கூப்பிட்டு, "எங்கிட்டு விழுந்தாலும் ஒண்ணும் ஆக மாட்டேங்குது, நம்ம மாப்ள செலக்‌ஷன்" என்று பெருமை பேசினார். பழசை வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளையும் அந்தப் பெருமையை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

ரப்பர் மூலை எதற்கு இருக்கிறது என்று அந்த வீடியோ பார்த்த இருவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அது அடியைத் தாங்குவது மட்டுமல்ல, துள்ளவும் செய்யும்.

அன்று எனக்கு லீவு. சாப்பாடு முடிந்து அத்தை கூடத்தில் முறத்தை மடியில் வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். மாமனார் ஏதோ ஒரு கஸ்டமர் கேர் நம்பரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ண அமுத்திட்டேன்டா, அமுத்திட்டேன்டா" என்று கத்துவது சமையலறைக்குக் கேட்டது. பிறகு சுவரில் ஒரு சத்தம். அது பழகிய சத்தம்தான். அதற்குப் பின்னால் வந்ததுதான் புதியது. அத்தை "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை, முறம்தான் கவிழ்ந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தால் இடது புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிகிறது. உரித்த கடலை முழுக்கச் சிவப்பு. நான் முந்தானையை வைத்து அழுத்தினேன். மாமனார் எறிந்த இடத்திலேயே நின்றார். வாசலிலிருந்து ஓடிவந்த என் கணவர் முதலில் குனிந்து எடுத்தது போனை. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், தமிழில் தொடர எண் ஒன்றை அழுத்தச் சொல்லி இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"ஒடஞ்சுருச்சாடா?" என்றார் மாமனார்.

"ஒண்ணும் ஆகலப்பா" என்றார் மகன்.

இந்த மாமனாரோடு இத்தனை வருடம் ஒரே அடுக்குத் தட்டுகளில் சாப்பிட்டிருக்கிறோமே என்று எனக்கு அருவருப்பு வந்தது. அது பயமோ கோபமோ இல்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி.

ஆட்டோ பிடித்துப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட வந்த டாக்டரம்மா, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"அலமாரிக் கதவு இடிச்சுருச்சுங்க" என்றார் என் கணவர். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பொய் வழியிலேயே தயாராகியிருக்கிறது.

படுத்திருந்த அத்தை, ஒரு கண்ணைத் துணி மூடியிருக்க, மற்றக் கண்ணால் மகனைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

"இல்லம்மா. இவுக அப்பா போனை எறிஞ்சாரு. எப்பவும் எறிவாரு. இன்னைக்கு எம்மேல பட்டுருச்சு."

அந்த வீட்டு ஆள் ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். என் கணவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

கட்டுப் போட்டு முடித்து வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார். "ஏத்தா, ஆலங்குடி பஸ்ஸு எங்கிட்டு நிக்கும்?"

ஆலங்குடியில் அவர் தம்பி இருக்கிறார். தேங்காய் வியாபாரம்.

"அம்மா, இந்தக் கட்டோட அங்க போயி நின்னா மாமா என்ன நெனப்பாரு?" என்றார் என் கணவர்.

"கட்டோட அரிமளத்துல நின்னா ஒங்களுக்கு ஒண்ணுமில்லயா? நீ வாத்தா."

நான்தான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன். அவர் தம்பி மனைவி கதவைத் திறந்து கட்டைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல் வெந்நீர் வைத்தாள்.

வீட்டில் ஆலோசனை நடந்தது. மாப்பிள்ளை ஷூவோடு வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "நான் அப்பவே சொன்னேன் மச்சான், புது மாடல்னு. வெயிட்டு பாதிதான். மூலையில ரப்பரும் கெடையாது. அது பட்டிருந்தா லேசா வீங்கியிருக்கும், அவ்வளவுதான்."

இதைச் சொன்ன மனிதர் சிரிக்கவில்லை. கேட்ட மனிதர்கள் தலையாட்டினார்கள். மறுநாளே புது மாடல் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் ஆலங்குடிக்குப் போனார்கள். வேடிக்கை பார்ப்பதற்கென்றே நானும் போனேன். மாமனார் மன்னிப்புக் கேட்பார் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் புதுப் போனை அத்தை கையில் வைத்தார்.

"பாரும்மா. வெயிட்டே இல்ல."

அத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"அப்ப பழசு?"

"வீட்ல சும்மா கெடக்கும்மா."

"அத எங்கிட்ட கொண்டாந்து குடுங்க. என்கிட்ட போன் கெடையாது."

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. கல்யாணமான மகளோடு பேசக்கூட அவர் இத்தனை காலம் மாமனாரிடம் கேட்டு வாங்கித்தான் பேசியிருக்கிறார். பழைய மாடலா புதிய மாடலா என்று இராப்பகலாகப் பேசிய இரண்டு மூளைகளுக்கும் அந்த வீட்டில் போன் இல்லாத ஒருவர் இருப்பது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"நீ வீட்டுக்கு வந்து வாங்கிக்க" என்றார் மாமனார், அன்று பேசிய ஒரே பேச்சு.

"கொண்டாந்து குடுக்கச் சொன்னேன்" என்றார் அத்தை.

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். புது சிம் போட்டு, நம்பர்களை ஏற்றிக் கொடுத்தேன். படிக்கத் தெரியும் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். தம்பி கொல்லையில் முந்திரிக் கொட்டை பொறுக்கப் போகும்போது இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார். மழையில் நனைந்தது, மாட்டுத் தொட்டியில் ஒருமுறை விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி மூன்று நாள் நிற்கிறதாம். நல்ல போன்தான், அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மாமனார் சாயங்காலத்தில் கூப்பிடுவார். சில நாள் அத்தை எடுப்பார். சாம்பாரில் புளி எவ்வளவு, தோப்பில் யார் தேங்காய் வெட்டினது என்று பேச்சு போகும். அவர் குரல் உயர்ந்த மாத்திரத்தில் அத்தை சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவார். அந்தப் பக்கம் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். புது மாடலின் உலோகச் சட்டத்தில் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. "கீழ விழுந்துருச்சு" என்கிறார் என் கணவர், என்னிடமே.

"நீ போய்க் கூப்புட்டா அம்மா வருவாங்கள்ல" என்று போன வாரம் கேட்டார்.

"பஸ்ஸு இருக்கு. நீங்க போய்க் கேளுங்க. என்ன நடந்துச்சுன்னு சரியா சொல்லிட்டுக் கேளுங்க" என்றேன்.

அவர் இன்னும் போகவில்லை. சனிக்கிழமைகளில் நான் மகனைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடி போகிறேன். அத்தைக்குப் புருவம் அந்த இடத்தில் முளைக்கவில்லை, ஒரு வெள்ளைக் கோடு. அவர் அதை மை வைத்து மறைப்பதில்லை, யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்கிறார்.