மைக்கில் சொன்ன பெயர்

அவள் பெயர் கித்தேரி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில், தூத்துக்குடியில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பு படித்த அந்த வருடத்தில், அந்தப் பெயரை நான் சொன்னது மொத்தமே எட்டு நாள்தான். மற்ற நாளெல்லாம் அவள் எனக்குக் காப்பிரி. அந்தப் பெயரை வைத்தவளும் நான்தான். என் பெஞ்சிலேயே உட்காருகிறவள், எங்கள் வீட்டுக்கும் வந்துபோகிறவள். சங்கு குளிக்கப் போகிறவரின் மகள், நல்ல கறுப்பு, சுருட்டை முடி. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் அப்பா, அத்தை, சித்தப்பா எல்லோர் வாயிலும் சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்தச் சொல்தான். கொஞ்சும்போதும் சொல்வார்கள், திட்டும்போதும் சொல்வார்கள்.

நான் அப்போது லேசுப்பட்ட ஆள் இல்லை. மேடைப் பேச்சு என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் நிறவெறியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அறிவித்தபோது, அந்தப் பெண் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் வரலாற்று டீச்சர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வாரம் அதையே நடத்தினார். ஆப்பிரிக்காவில் மனிதர்களைப் பிடித்துச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றியது, ஆடு மாடுபோல விற்றது, போர்த்துக்கீசர்கள் அவர்களில் சிலரை நம் கடல் பக்கமும் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அந்த அடிமைகளைக் கூப்பிட்ட சொல்தான் காப்பிரி என்றார். கப்பல்கள் போய்விட்டன, சொல் மட்டும் போகவில்லை என்றார். இப்போதும் அப்படிக் கூப்பிட்டால் யாருக்காவது வலிக்குமா என்று கேட்டார். நான்தான் முதலில் எழுந்தேன்.

"அடிமையைச் சொன்னாத்தான் தப்பு டீச்சர். நாங்க சும்மா வெளையாட்டுக்குத்தான சொல்லுதோம்."

வகுப்பே தலையாட்டியது. வேறு யாராவது சொல்கிறீர்களா என்று டீச்சர் பொதுவாகக் கேட்டார். பார்வை மட்டும் கித்தேரி மேல் இருந்தது. அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சை டீச்சரே எழுதிக்கொடுத்தார். தலைமையாசிரியை முன்னால் நானும் கித்தேரியும் ஒப்பித்துக் காட்டினோம். அவள் ஒரு சொல் பிசகவில்லை. நான் இரண்டு இடத்தில் தடுமாறினேன். மேடைக்கு எடுப்பாக ஒரு பிள்ளை வேண்டும் என்று சொல்லித் தலைமையாசிரியை என்னைத் தேர்ந்தெடுத்தார். வெள்ளைத் தோல் கறுப்புத் தோல் என்று பேதம் பார்ப்பதைக் கிழி கிழி என்று கிழிக்கப்போகிற பேச்சுக்கு, சிவப்பாக இருந்ததால் நான். எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

நான் தடுமாறினால் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். கித்தேரியிடம் போய்க் கேட்டேன். அவள் உடனே சரி என்று சொல்லவில்லை.

"எடுத்துக் குடுக்கேன். ஆனா இனிமே நீ என்னைய என் பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். நீ நிறுத்துனா மத்தவளுவளும் நிறுத்திருவாளுவ."

இவ்வளவுதானா என்று இருந்தது. சத்தியமே பண்ணிக்கொடுத்தேன். விழா வரைக்கும் எட்டு நாள் கித்தேரி, கித்தேரி என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். மற்றவர்களையும் கூப்பிட வைத்தேன். அந்த எட்டு நாளும் அவள் வகுப்பில் சத்தமாகச் சிரித்தாள். அதற்கு முன்னால் அவள் சிரித்துப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

விழாவன்று கூட்டம் நெரிந்தது. கித்தேரியின் அப்பாவும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பிய்த்து உதறினேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு யோசித்தும் அடுத்த வரி வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து கித்தேரியின் குரல் நிதானமாக வந்தது. "அவர்களுக்கும் தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது." நான் அதை வாங்கிக் கையை உயர்த்தி முழங்கினேன். கைதட்டல் அடங்க நேரமானது.

தலைமை விருந்தினர் துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். கோப்பையைக் கொடுத்துவிட்டு, இவ்வளவையும் எப்படிம்மா மனப்பாடம் செய்தாய் என்று கேட்டு மைக்கை என் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும் நன்றி மறக்கவில்லை. அதுதான் வேடிக்கை.

"நான் மட்டும் இல்ல சார். பின்னாடி நின்னு எடுத்துக் குடுத்தது எங்க காப்பிரிதான்."

பந்தலே சிரித்தது. விருந்தினரும் சிரித்து, எங்கே அந்தக் காப்பிரி, கூப்பிடுங்கள் பார்க்கலாம் என்று மைக்கிலேயே சொன்னார். கித்தேரி வந்து கும்பிட்டுவிட்டு நின்றாள். முன்வரிசையில் இருந்த டீச்சர் சட்டென்று எழுந்து நின்றார். பெருமை தாங்காமல் எழுந்துவிட்டார் என்று நினைத்தேன். கித்தேரியின் அப்பா கைதட்டவில்லை. பாவம், இதெல்லாம் பழக்கமில்லாத மனிதர் என்று நினைத்தேன்.

மேடைக்குப் பின்னால் அவள் அழுவாள் என்றோ சண்டை போடுவாள் என்றோ எதிர்பார்க்கவில்லை. அவளும் இரண்டையும் செய்யவில்லை.

"நம்ம கிளாஸுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப ஊருக்கே தெரியும். எங்க அப்பாவுக்கும் தெரியும்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மேடையேற்றி நாலு பேருக்குக் காட்டியிருக்கிறேன், அதற்கு இதுவா மரியாதை? "ஏளா, ஒனக்குப் பொறாமை" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். மறுநாள் சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூட அவளைப் பார்த்து அந்தப் பெயரைக் கத்தின. அவள் என் பெஞ்சிலிருந்து எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை.

அவள் ஏன் இப்போதெல்லாம் வீட்டுக்கு வருவதில்லை என்று அத்தை ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். காப்பிரிக்கு அவ்வளவு ரோசமா என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம், எல்லோரையும்விட நான் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சொல் எந்தக் கப்பலில் வந்தது, யாரைக் கட்டிப்போட்டு அப்படிக் கூப்பிட்டார்கள் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். கித்தேரிக்குப் பொறாமை என்றுதான் பள்ளிக்கூடம் முடிகிறவரை உறுதியாக நம்பினேன்.