அண்ணியின் ஒட்டாத தோசைக்கல்

"பூச்சுள்ள உலோகத்தைக் கட்டடத்துக்குள் தீயில் காட்டலாகாது, உலர்ந்த நிலையில் சுரண்டலாகாது." நான் எழுத்தராக இருந்த பட்டறையின் சுவரில் இந்த விதி நான்கு மொழிகளில் ஒட்டப்பட்டிருந்தது. நான்கிலும் யாரும் அதைப் படித்ததில்லை. புகை மனிதனுக்குக் காய்ச்சல் தரும் என்று அடியில் பொடி எழுத்தில் காரணமும் இருந்தது. அண்ணியின் அடுப்பு பட்டறைக்கு வெளியே இருந்ததுதான் சிக்கல்.

அறுபதுகளின் கடைசி அது. அண்ணன் இறந்தபின் அண்ணி சிராங்கூன் சாலைப் பக்கத்துச் சந்தில், ஒரு காப்பிக்கடையின் மூலையில் தோசை சுட்டுப் பிழைத்தார். இங்கிலாந்துக்குத் திரும்பிய ஓர் அம்மாள் அண்ணியின் இரும்புக் கல்லை நினைவுப்பொருளாக வாங்கிக்கொண்டு, மாவு ஒட்டாத பூச்சுள்ள தம்முடைய அலுமினியக் கல்லைப் பதிலுக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். இரு தரப்பும் தமக்கே லாபம் என்று நம்பிய ஒப்பந்தம். அண்ணி இரும்புத் தோசைத்திருப்பியைப் போட்டுச் சுரண்டியதில் பூச்சு உரியத் தொடங்கியது.

காப்பிக்கடைக்காரர் தமிழ் முஸ்லிம்; அவரை நாங்கள் அவர்கள் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், நானா என்போம். அவர் தோசையைப் பிய்த்துப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, கறுப்பு கறுப்பா? எள்ளு போட்டியா?"

"கல்லு உரியுது நானா."

"வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி மூலைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன் லா."

மறுநாள் நான் போனபோது, மிச்சப் பூச்சை எரித்துவிட அண்ணி கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். பழைய கல்லைச் சுட்டெடுத்து வெங்காயம் தேய்ப்பது நம் வழக்கம். இதையும் இரும்புக் கல் என்றே நினைத்துவிட்டார். அடுப்புக்கு நேர் மேலே நானாவின் மெர்போக் என்ற சின்னப் புறா கூண்டில் கூவிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைவிட அதன்மேல்தான் அவருக்கு உயிர்.

"அண்ணி, விதிப்படி..."

"உங்க விதி தோசை சுடுமா தம்பி?"

"சுடாது. இந்தப் புகையில மனுசனுக்கே காய்ச்சல் வரும். சின்னப் புறா தாங்குமா? அது செத்தா, வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட மூலை இருக்காது."

விசிறி நின்றது.

கல்லைப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனோம். தூள் பறக்காமலிருக்க, நீரில் அமிழ்த்தி உப்புத்தாளால் தேய்த்தோம். உரிந்ததைத் துணியில் வடிகட்டிக் கட்டிக் குப்பையில் போட்டோம். மாலைக்குள் வெறும் அலுமினியம் பளபளத்தது. அண்ணி அதற்கு எண்ணெய் காட்டிப் பழக்கினார். முதல் தோசைகள் கந்தலாக வந்தன. "இதுக்கு அந்தக் கறுப்பே தேவலை" என்று முனகியபடி எண்ணெயைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த நானா முழுத் தோசையையும் விரித்துப் பார்த்தார். பிறகு இன்னொன்று கேட்டார்.

நான் இதற்குள், முறைப்படி, பூச்சை நீக்கும் சரியான வழியைக் கேட்டுக் கல்லைச் செய்த நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன். வீட்டில் நீக்க முயல வேண்டாம், கல்லை அனுப்பி வைக்கவும் என்று அவர்கள் பணிவோடு எழுதிய பதில் கிடைத்தது, வியாபாரம் பெருகி அண்ணி அதே மூலையில் இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்த, அடுத்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு முதல் நாள்.