ஒகேனக்கல் போகாத ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் மாமா ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒகேனக்கல்லுக்குக் கிளம்பினார். ஆறு தடவையும் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருமுனை பேக்கரியைத் தாண்டவில்லை.

கூட்டாளிகள் நாலு பேர். மாமா, சேகர் அண்ணன், ராபர்ட் அண்ணன், பீன்யா அண்ணன். கடைசி ஆளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, பீன்யாவில் லேத் ஃபேக்டரியில் வேலை என்பதால் ஊருக்கே அவர் பீன்யா. ஸ்கூட்டர் இரண்டு: ஒன்று மாமாவுடையது, இன்னொன்று ராபர்ட் அண்ணனுடையது. பெட்ரோல், மீன் வறுவல், பரிசல் வாடகை எல்லாம் நாலு பங்கு. எட்டு வயது நான் ஐந்தாவது ஆள். எனக்குப் பங்கும் இல்லை, சீட்டும் இல்லை. மாமாவுக்கு முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வர வேண்டும். அதற்காகக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தினமும் நின்று பழகினேன். படிப்பில் இந்த அக்கறை இருந்திருந்தால் ஏழாம் வகுப்பைத் தாண்டியிருப்பேன்.

எனக்கு அவசரம் வேறு. ஒகேனக்கல்லில் முதலை என் பரிசலை முட்டியதாக வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பசங்கள் சாட்சி கேட்டார்கள். ஆற்றங்கல் ஒன்று கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கல் வராவிட்டால் ஆயுசுக்கும் என் பெயர் 'ரீல்'.

முதல் ஞாயிறு பேக்கரி பெஞ்சில் கூடினார்கள். இரண்டு டீயை நாலு கிளாஸில் பிரித்து வாங்கும் 'பை டூ'. பப்ஸ் சுற்றிவந்த காகிதத்தில் ராபர்ட் அண்ணன் ரூட் வரைந்தார். பீன்யா அண்ணன் மட்டும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் வேணாம் மச்சா. நீங்க போய்ட்டு வாங்க" என்றார்.

"உன் பங்க நான் போட்டுக்கறேன், விடு மச்சா" என்றார் மாமா.

பீன்யா அண்ணன் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த டீ எனக்குக் கிடைத்தது. நல்ல நாள்.

அதற்கப்புறம்தான் வியாதிகள் ஆரம்பித்தன. இரண்டாவது ஞாயிறு சேகர் அண்ணனின் அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாவது ஞாயிறு ராபர்ட் அண்ணனின் ஸ்கூட்டரில் கிளட்ச் கேபிள் போச்சு. அடுத்தது மாமாவுக்கு முதுகுப் பிடிப்பு. பிறகு மறுபடி அந்த அம்மாவுக்கே காய்ச்சல். பீன்யா அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்வார்: "பரவால்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

நான் சும்மா இருப்பேனா? விசாரணையில் இறங்கினேன். சேகர் அண்ணனின் அம்மா தள்ளுவண்டிக்காரரிடம் கறிவேப்பிலைக்காக அரைமணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரிம்மா, காய்ச்சல் எப்டி இருக்குது?"

"யாருக்குடா காய்ச்சல்? நாற வாயி!" என்று முருங்கைக்காயால் ஒரு போடு போட்டார். ராபர்ட் அண்ணனோ கேபிள் போன ஸ்கூட்டரில் கேஸ் சிலிண்டர் ஏற்றிக்கொண்டு பறந்தார். முதுகு பிடித்த மாமா இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம் தூக்கிவந்ததை நானே பார்த்தேன்.

ஆறாவது ஞாயிறு. சேகர் அண்ணன், "எங்கம்மாவுக்கு..." என்று ஆரம்பித்ததும் நான் பெஞ்சின்மேல் ஏறினேன்.

"பொய்யி! உங்கம்மா முருங்கக்காயில என்ன அடிச்சாங்க! ஸ்கூட்டர் ஓடுது! மாமா குடம் தூக்கறாரு! மூணு பேரும் டிமிக்கி! பீன்யா அண்ணன் ஒருத்தருதான் நல்லவரு. அவருக்குத் தெனமும் ஃபேக்டரி லீவு. திங்கக்கெழமகூட என்கூட கேரம் ஆடறாரு. அவரு எப்பவும் ரெடி, நீங்கதான் ஏமாத்தறீங்க!"

பன் வெட்டிக்கொண்டிருந்த பேக்கரிக்காரரின் கத்தி நின்றது. மாமாவின் விரல்கள் என் தொடையைத் தேடிப்பிடித்துக் கிள்ளின. உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ளு என்று எனக்குப் புரியவில்லை.

பீன்யா அண்ணன் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "டேய் சேகரு, பாவம்டா உங்கம்மா. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா எனக்காக அவங்கள ஐசியூல சேத்திருப்பீங்க!" சிரித்துச் சிரித்துச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்திரிங்க. ஏரி வரைக்கும் நடந்து போலாம். பெட்ரோல் வேணாம்."

அல்சூர் ஏரிக்கரையில் நல்லதாக ஒரு கல் பொறுக்கினேன். வகுப்பில் அது ஒகேனக்கல் கல்லாகவே செல்லுபடியாகிவிட்டது.

ஒன்றரை மாதம் கழித்துப் பீன்யா அண்ணன் வேறு ஃபேக்டரியில் சேர்ந்தார். சம்பளம் வாங்கிய முதல் ஞாயிறே நாலு பேரும் கிளம்பிவிட்டார்கள். அன்று யாருக்கும் காய்ச்சல் இல்லை, கேபிள் அறவில்லை, முதுகும் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் எப்படிச் சரியாயிற்று என்று யோசித்தபடியே பையோடு போய் ஸ்கூட்டர் முன்னால் நின்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வளந்துட்டடா. முன்னாடி நின்னா எனக்கு ரோடே தெரியாது."

"ஆமாண்டா, தென்னமரம் மாதிரி ஆயிட்ட" என்றார் பின்சீட்டிலிருந்த பீன்யா அண்ணன்.

எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவோரம் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேலே பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு மாதத்துக்கு முன் போட்ட கோட்டின் மேலேயே அது விழுந்தது.

பென்சிலில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.