‘தப்பு மிஸ்’ பொத்தான்

கோபாலபுரத்துப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த ஹம்சாவுக்கு ஒரு பழக்கம். பாடத்துக்கு நடுவே, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுவாள். செடி மண்ணைச் சாப்பிட்டு வளருது என்பாள். கண்டுபிடித்த குழந்தை “தப்பு மிஸ்” என்று கத்த வேண்டும். ஏன் தப்பென்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முதல் குரல் ஷ்ரேயாவுடையது. தூங்குமூஞ்சிப் பிள்ளைகூட அந்த வகுப்பில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த நீரஜா, தொண்ணூற்றேழில் தி. நகரில் பிள்ளைகளுக்கான பாட சி.டி. தயாரிக்கக் கிளம்பினாள். “உன் க்ளாஸ அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள போட்டுடலாம்டி” என்றாள். ஹம்சா உருகிப்போனாள். பள்ளி விட்டதும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய்த் தொண்டை கட்டும்வரை குரல் கொடுத்தாள். பொய் வருகிற இடத்திலெல்லாம் திரையில் ஒரு சிவப்புப் பொத்தான் வரும், அழுத்தினால் விளக்கம் வரும் என்று இருவரும் உட்கார்ந்து தீர்மானித்தார்கள்.

வெளியீட்டு விழா ஹம்சாவின் பள்ளியிலேயே நடந்தது. பெற்றோர்களும் தாளாளர் பத்ரிநாராயணனும் பார்த்திருக்க, ஹம்சாவின் குரல் கணீரென்று சொன்னது, செடி மண்ணைச் சாப்பிட்டு வளருது என்று. திரையில் பொத்தானைக் காணோம். வேலை முடியவில்லையென்று கழற்றிவிட்டார்களாம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தப்பு மிஸ்” என்று வழக்கம்போல வகுப்பே கத்தியது. பெற்றோர்கள் சிரித்துவிட்டார்கள். ஹம்சா பதறி எழுந்து பொத்தானைப் பற்றிச் சொன்னாள். தாளாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நீரஜாவிடம் அது உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“டீச்சர் சொன்னதத்தான் சார் நாங்க ரிக்கார்ட் பண்ணோம்” என்றாள் நீரஜா, ஹம்சாவின் பக்கம் திரும்பாமல்.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது இதுதான். சிநேகிதியாம், சிநேகிதி. ஹம்சாவுக்கு அழுகைகூட வரவில்லை. இனிமேல் புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் ஹம்சா மனசு கேட்காமல், நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் உண்டு என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மிஸ்ஸின் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று பிள்ளைகளெல்லாம் வீட்டில் திட்டு வாங்கியிருந்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஷ்ரேயாவைப் பார்த்தாள்.

“சரி மிஸ்” என்றாள் ஷ்ரேயா, தலையைக் குனிந்துகொண்டு.