கொடியில் மாட்டிய சட்டைப்பின்

என் மனைவிக்கு ஏற்றிய மருந்து ஒரு உலோகம். பிளாட்டினம். நகைக்கடைக் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறேன். நரம்பில் ஏற்றுவார்கள் என்று தெரியாது. அவளுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். மருந்து நோயைத் தின்றது. காதையும் தின்றது.

கிழமைக்கு ஒருதரம் லண்டன் மனோர் பார்க்கில் பஸ் ஏறிப் போவோம். தமிழ் ஆள் வைத்து மொழிபெயர்க்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மனைவி வேண்டாம் என்றாள். வருகிற ஆள் கோயிலில் தெரிந்தவராக இருந்தால் வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். மகளே மொழிபெயர்த்தாள்.

போகும்போதெல்லாம் நேர்ஸ் கேட்பார், காதுக்குள் இரைச்சல் இருக்கிறதா என்று. மகள் தமிழில் கேட்பாள்.

"இல்லையெண்டு சொல்லு" என்பாள் மனைவி.

மகளும் அப்படியே சொல்லுவாள்.

இரைந்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் மனைவி தலையைச் சரித்துக் காதைத் தட்டுவாள். நான் கண்டேன். "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை, குளிர்." நானும் விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் அதற்கு மேல் கேட்பதில்லை.

மருந்து முடிந்த பிறகுதான் சொன்னாள். காது என்று சொன்னால் அந்த மருந்தை நிப்பாட்டிவிடுவார்கள் என்று கோயில் வாசலில் யாரோ கதைத்தது அவள் காதில் விழுந்ததாம். நிப்பாட்டினால் செத்துப்போவேன் என்று பயந்தாளாம்.

மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பதே இதைத்தான். உலோகம் டி.என்.ஏ.யை எப்படிப் பிடிக்கிறது என்று. அன்றைக்கு அவளுக்குக் கோபம். தாயின் தாலிக்கொடியைக் கழற்றாமலே கையில் எடுத்தாள். கொடியில் எப்போதும் சட்டைப்பின் தொங்கும்.

"இந்த முறுக்குத்தான் டி.என்.ஏ. எண்டு வையுங்கோ. பிளாட்டினம் உள்ள போய், தன்ர கையில இருக்கிற குளோரினை விட்டிட்டு, பக்கத்துப் பக்கத்தில ரெண்டு இடத்தைப் பிடிக்கும்."

அடுத்தடுத்த இரண்டு வளையத்தில் பின்னை மாட்டிப் பூட்டினாள். கொடி அந்த இடத்தில் மடங்கியது.

"இனி இதைப் பாத்துப் பிரதி எடுக்க ஏலாது. புற்றுநோய்க் கலம் செத்துப்போம்."

"வளைச்சுப் போடாத. பவுண்" என்றாள் தாய்.

மகள் சிரிக்கவில்லை. "அம்மா, வேற மாதிரிப் பிளாட்டினமும் இருக்கு. அதுவும் இப்பிடித்தான் பிடிக்கும். காதுக்கு இவ்வளவு செய்யாது. சொல்லியிருந்தா டொக்டர் யோசிச்சிருப்பார்."

நான் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போயின. குக்கர் விசில். கோயிலில் கைமணி. பிறகு மகளின் குரல். மனைவி இப்போது காதில் கருவி போட்டிருக்கிறாள். சத்தம் கூடுது, சொல் விளங்கேல்லை என்கிறாள். என்னுடைய கட்டைக் குரல் மட்டும் விளங்குகிறது. ஓம், இல்லை என்று காலம் கழித்தவன் நான். நல்ல காது இருந்தபோது அவளோடு என்ன கதைத்தேன் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

போன ஞாயிறு மகள் வந்தாள். இப்போது புற்றுநோய் மருந்துக்கென்று வேறொரு உலோகத்தில் வேலை செய்கிறாளாம். சாப்பிட்டபடி சொன்னாள். தாய் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"என்னவாம்?"

"புதுசு அப்பிடிப் பிடிக்காதாம். டி.என்.ஏ. ஏணி மாதிரியாம். ரெண்டு படிக்கு நடுவில தட்டு மாதிரிச் செருகி நிக்குமாம்."

"காதுக்கு என்ன செய்யுமாம்?"

மகளைப் பார்த்தேன். "அது இன்னும் பாக்கேல்லை, அப்பா" என்றாள்.

"இன்னும் பாக்கேல்லையாம்" என்றேன்.

மனைவி தன் கொடியில் கிடந்த பின்னைத் திறந்து திறந்து பூட்டினாள்.

"பாக்கச் சொல்லுங்கோ."